எதிர்வெயில்

பச்சை மிளகாயைக் கடித்துப் பிளந்து கண்ணுக்குக் கீழே ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டான் அய்யாக்கண்ணு. தீயாய் எரிந்தது. மீதியை வண்டிக் கூண்டின் மூங்கிலில் செருகி வைத்தான். பாழாய்ப்போன தூக்கம் அதற்கும் மசியவில்லை.

உள்ளே வைக்கோல்மேல் அண்ணன் அடைக்கலம் கிடந்தான். விஷக்காய்ச்சல் கண்டு பதினோரு நாள். கடைசி மூன்று இரவும் பிதற்றிக்கொண்டு எழுந்து ஓடப் பார்த்தவனைத் தம்பிதான் கட்டிப்பிடித்துக் கிடந்தான். பகலில் கடலைக்குத் தண்ணீர் இறைத்தாக வேண்டும். விடியும்போது நாடி பார்த்த வைத்தியர், "உச்சிக்குள்ள புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில சேத்து ஊசி போட்டாப் பொழைப்பான். அதுக்கு மேல தாங்காதப்பா" என்று சொல்லிவிட்டார். வேறு யாரையாவது ஓட்டச் சொல்லலாம் என்றால், அந்த மாடுகளுக்கு வேற்றாள் கை ஆகாது.

"இன்னும் எம்புட்டுத் தூரம் தம்பி?" என்றாள் மதினி சொர்ணவல்லி. குளத்தூர்ப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்து எட்டு மாதம்தான். இந்தப் பாதை எதுவும் அவளுக்குத் தெரியாது.

"உச்சிக்குள்ள போயிரலாம் மதினி. அண்ணன் எப்படி இருக்காக?"

"காச்சல் கொஞ்சம் விட்டிருக்கு. முழிச்சுத்தான் இருக்காக."

அவனுக்கு உயிர் வந்தது. நேரத்துக்குப் போய்விட்டால் போதும்.

எதிரே ஓர் ஆலமரம் வந்தது. கண்ணை இமைத்தான். மரம் பின்னால் போயிருந்தது. தூங்கியதாகவே நினைவில்லை, ஆனால் நடுவில் இருந்த பாதையைக் காணோம். பயந்துபோய்க் கீழே குதித்து நுகத்தடியைப் பிடித்தபடி நடந்தான். நடக்கும்போதே கண் போயிற்று. சக்கரம் காலில் ஏறப் பார்த்தது. மறுபடி ஏறி உட்கார்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

முக்குரோட்டுச் சுமைதாங்கிக் கல் தூரத்தில் தெரிந்தது. வலப்பக்கம் போனால் அறந்தாங்கி, இடப்பக்கம் புதுக்கோட்டை. அங்கே இடக்கயிற்றை இழுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இழுக்க வேண்டும், இழுக்க வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தான்.

பார்த்தால் வண்டி பெரிய ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. கயிறு கையில் இறுக்கமாகத்தான் இருந்தது. இழுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் புளியமரங்கள். மரங்களுக்கு நடுவே வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. நல்லதாய்ப் போயிற்று, இது இனித் தூங்க விடாது என்று முகத்தை நன்றாக நிமிர்த்திக் காட்டினான். ஒரு மணி நேரம் போல அப்படியே போனான்.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. காலை வெயில், புதுக்கோட்டைக்குப் போகிறவனுக்கு முதுகில் அல்லவா அடிக்க வேண்டும்?

வாரம் தவறாமல் அறந்தாங்கிச் சந்தைக்குப் போய்ப் பழகிய மாடுகள். கயிற்றைத் தொடாமலே போய்ச் சேர்ந்துவிடும் என்று அண்ணன் ஊரெல்லாம் பெருமையடிப்பான்.

வண்டியை வளைத்துத் திருப்பினான்.

"ஏன் தம்பி திருப்புறீங்க?"

"முன்னால ரோடு அத்துக் கெடக்கு மதினி. சுத்தித்தான் போகணும்."

அண்ணன் ஒருநாளும் அடித்தறியாத மாடுகளை அன்று அய்யாக்கண்ணு அடித்தான். சாட்டைக் கம்பு ஒடிந்தது. ஒடிந்த கம்பாலும் அடித்தான். மாடுகளின் வாயில் நுரை தள்ளியது. உள்ளேயிருந்து, "மாட்ட அடிக்காதடா" என்று ஈனக்குரல் வந்தது. அண்ணன் அவனிடம் கடைசியாகப் பேசியது அதுதான். உச்சி சாய்ந்து, டவுன் கட்டடங்கள் தெரிய ஆரம்பித்த இடத்தில் சொர்ணவல்லி வீறிட்டாள்.

மறுநாள் கொள்ளி வைத்தவன் அவன்தான். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. "இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும்? மூணு ராத்திரி கண்ணு மூடலையே" என்று சுடுகாட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒவ்வொருவர் வாயையும் பொத்தலாம்போல இருந்தது அவனுக்கு. அழுகை மட்டும் வரவில்லை.

ஈரவேட்டியோடு வீடு திரும்பியவனை மூலையில் கிடந்த சொர்ணவல்லி கூப்பிட்டாள்.

"நீங்க மனச விட்டுறாதீங்க தம்பி. ஒங்க மேல அவுகளுக்கு உசுரு. நேத்து ஒரு எடத்துல ஒங்க தலை சாஞ்சுச்சு. எழுப்பப் போனேன். என் கையைப் புடிச்சுக்கிட்டாக. 'எழுப்பாத, மூணு ராவா முழிச்சுக் கெடக்கான், செத்த நேரம் அசரட்டும். மாட்டுக்குப் பாதை தெரியும்'னாக."

"எந்த எடத்துல மதினி?"

"ஒரு சுமைதாங்கிக் கல்லு நின்னுச்சே, அங்கிட்டுத்தான்."

சொல்லிவிட வாயைத் திறந்தான். அவனைத் தேற்ற, அழுது வீங்கிய முகத்தில் அவள் ஒரு சிரிப்பை வரவழைக்கப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தான்.

மாடுகளுக்கு வைக்கோல் அள்ளினான். முதுகெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கியிருந்தது. நின்றபடியே கண் செருகியது. வைக்கோல் காலடியில் விழுந்தது. திடுக்கிட்டு விழித்தவன், பக்கத்தில் அவிழ்த்து விட்டிருந்த வண்டியின் மூங்கிலில் இருந்து வாடிய அரை மிளகாயை எடுத்துக் கண்ணுக்குக் கீழே அழுத்தித் தேய்த்தான்.

கண்ணீர் தாரை தாரையாக இறங்கியது.

"இப்பத்தான் அழுகுறான். அழட்டும், விடுங்க" என்றார் வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவர்.