அகாரா சுட்ட அண்ணன்

அம்மாவை ஊரில் அடக்கம் செய்த மறுநாள், போட்ட பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை, அதற்குள் பங்காளிகள் கூடி உட்கார்ந்துவிட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோன உஜு வாசலிலேயே நின்றுவிட்டாள். பேச்சு அவளைப் பற்றித்தான் நடந்துகொண்டிருந்தது.

அப்பா, கடைக்குட்டி சிகோரா பிறந்த வருஷமே போய்விட்டார். இப்போது அம்மாவும் இல்லை. ஆறு வயது சிகோராவைப் போர்ட் ஹார்கோர்ட் அத்தை வைத்துக்கொள்வது, பதினேழு வயது உஜுவை லாகோஸில் கைக்குழந்தையோடு அல்லாடும் ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக்கு அனுப்புவது, மூத்தவன் டுபெம் ஆம்பிளை, ஆபா நகரத்தில் செருப்புத் தைக்கிறான், எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. தங்கள் பிள்ளைகளுக்கே பற்றாத வீட்டில் இன்னொரு தட்டு வைக்க முன்வந்தார்கள். அது தெரிந்ததால்தான் உஜுவால் வாய் திறக்க முடியவில்லை.

டுபெம் நாலு பேர் நடுவில் பேசிப் பழகாதவன். அன்றைக்கு எழுந்து நின்றான்.

"பெரியப்பா, நாங்க என்ன வாழைத்தாரா, சீப்பு சீப்பா பிரிச்சுக் குடுக்க? மூணு பேரும் ஒரே வீட்டுலதான் இருப்போம். நான் பாத்துக்கறேன்."

பெரியப்பா ஒக்வுடிலி கோபப்படவில்லை. அடுப்பை யார் பார்ப்பது, சின்னதுக்குத் தலை பின்னுவது யார் என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றான் டுபெம். ஆண்கள் சிரித்தார்கள், அத்தையும் சிரித்தாள். பெரியப்பா சிரிக்கவில்லை. அறுவடைக்கு வரும் புதுக் கிழங்குத் திருநாள் வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் பிள்ளைகள் வாடிப்போனதாகக் காதில் விழுந்தால் தானே வண்டி கொண்டுவந்து கூட்டிப்போவதாகச் சொல்லி எழுந்தார்.

அவர்கள் குடியிருந்த ஆபாவில் அம்மாவுக்குச் சந்தி முனையில் ஓர் இடம் இருந்தது. காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி, அரைத்து, காலையில் அகாரா சுட்டு விற்பாள். அந்த வடையில்தான் வீடு ஓடியது. செருப்புக் கூலி வாடகைக்கே சரியாகிவிடும். உஜு தானே உட்காருவதாகச் சொன்னாள். டுபெம் கேட்கவில்லை. அவளுக்கு அது பள்ளி இறுதி வருஷம்.

அகாரா சுடுவது அந்த ஊரில் பெண்கள் வேலை. முதல் நாள் டுபெம் சுட்டது எண்ணெயில் விழுந்ததும் கரைந்து சாம்பார் மாதிரி ஆனது. இரண்டாம் நாள் சுட்டதைச் சாலையோர நாய் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. கேகே என்கிற மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவர்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன அம்மணி, இடுப்புல துணி கட்டலயா?" என்றான் ஒருவன்.

"உன் பொண்டாட்டிகிட்ட இரவல் கேட்டிருக்கேன். நீ கட்டிட்டு வந்துட்டதா சொன்னா" என்றான் டுபெம், தலையை நிமிர்த்தாமல்.

கேலி செய்தவனே அதிகமாகச் சிரித்தான். உஜுதான் பக்குவம் சொல்லிக் கொடுத்தாள்: தண்ணீரைக் குறைக்கணும், உப்பைக் கடைசியில்தான் போடணும், கை ஓயும்வரை அடித்தால்தான் மாவு காற்றுப் பிடித்து எழும்பும். டுபெமுடையது செருப்புத் தோல் அறுத்த கை. அடிக்கச் சொன்னால் அடித்துக்கொண்டே இருந்தது. சில வாரங்களில் பன்னுக்குள் அகாராவை வைத்து வாங்கிப்போக விடிவதற்குள் ஆள் நின்றது.

தலை பின்னுவதுதான் அதைவிடப் பெரிய பாடாக இருந்தது. சிகோராவின் பள்ளியில் வாரம் ஒரு பின்னல் சொல்வார்கள், அதே மாதிரி போட்டு அனுப்பவேண்டும். உஜு படிக்கும் நேரத்தைத் திருடக்கூடாது என்று டுபெம் பக்கத்துத் தெரு எபெரே அக்காவின் கடைக்குப் போனான். பெண்களுக்கு நடுவில் குட்டி முக்காலியில் குந்தி, பிளாஸ்டிக் பொம்மைத் தலையில் வகிடெடுத்துப் பழகினான். வந்த பெண்களெல்லாம் தங்கள் தலையைக் காட்டி, இதையும் பின்னிவிடேன் என்று சீண்டினார்கள். முதல் வாரம் அவன் போட்ட பின்னல் ஆற்றுவழிபோல வளைந்து வளைந்து போயிற்று. பொறுக்கமாட்டாமல் உஜு அவிழ்த்துப் போட வந்தபோது சிகோரா தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"தொடாதே. இது எங்க அண்ணன் போட்டது."

எனக்கும் அவன் அண்ணன்தானடி என்று சொல்ல வந்த உஜு, சீப்பைக் கீழே வைத்தாள்.

மழைக்காலம் தொடங்கி, பரீட்சையும் நடந்துகொண்டிருந்தபோது அது நேர்ந்தது. கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள் காலை, சேற்றில் வழுக்கிய ஒரு கேகே வண்டி அடுப்பில் வந்து மோதியது. எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்த பக்கம் சிகோரா பலகையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். டுபெம் அவளை ஒரு கையால் தள்ளிவிட்டான். மறு கையில் முழங்கை வரை எண்ணெய் கொட்டியது. சிகோராமேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில், கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு டுபெம் சொன்னான்: "நான் சுட்டதுலயே இதுதான் நல்லா வெந்துருக்கு."

உஜு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. நாளைக்கு அடுப்பை மூடிவிடலாம், நீ பரீட்சைக்குப் போ என்றான் அவன். அடுப்பு அணைந்த சேதி ஊருக்குப் போக எத்தனை நேரம் ஆகும் என்றாள் அவள். ஏழு மணிவரை சுட்டுவிட்டு அப்படியே பள்ளிக்குப் போய்விடுவதாகச் சொன்னாள்.

"அந்தப் புகைல நான் எதுக்கு உக்காந்தேன்? நீ உக்காரக்கூடாதுன்னுதான்."

"நீ எதுக்கு உக்காந்தியோ அதுக்குத்தான் நானும் உக்காரப் போறேன். வாய மூடிட்டுப் படு."

அண்ணனிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. டுபெம் போய்ப் படுத்துக்கொண்டான்.

விடியற்காலையில் உஜு பள்ளிச் சீருடைமேல் பழைய துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு சுட்டாள். டுபெம் ஒற்றைக் கையால் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். மோதிய வண்டிக்காரன் சொல்லாமலே வந்து கூரைத் தகரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தான். கூட்டம் நகர நகர, அடுத்த ஆளுக்கு எத்தனை என்று நிமிர்ந்த உஜுவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. எதிரே பெரியப்பா. அவருக்குப் பின்னால், தெருவின் அந்தப் பக்கம், அவருடைய வண்டி.

"பெரியப்பாவுக்கு ரெண்டு போடு" என்றார்.

நின்றபடியே ஊதி ஊதித் தின்றார். டுபெமின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். சிகோராவின் தலையைத் தொட்டு, இது யார் பின்னியது என்று கேட்டார். அண்ணன் என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டு உஜுவிடம் திரும்பினார்.

"வண்டில ஏறு."

உஜு அடுப்பைவிட்டு நகரவில்லை. "நாங்க வரல பெரியப்பா. எங்கயும் வரல."

"பரீட்சைக்கு நடந்தா போவ? முகத்துல மாவு வேற. கழுவிட்டு ஏறு."

பள்ளி வாசலில் இறக்கிவிடும்போது, டுபெமின் கை வெந்த சேதி கேட்டு உங்களைக் கூட்டிப்போகத்தான் விடியுமுன் கிளம்பி வந்ததாகச் சொன்னார். "உங்கப்பனும் நானும் ஒரே பாயில படுத்து வளந்தவங்க. எங்கள யாராவது பிரிச்சிருந்தா நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியல. போ, நிதானமா எழுது." அவள் இறங்கியதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு சந்திக்கே போனார். எண்ணெய் வாசனையோடு உட்கார்ந்து உஜு கணக்கு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், பெரியப்பா டுபெம் சொல்லச் சொல்ல மாவு அடித்துக்கொண்டிருந்ததாகவும், சுட்டது ஒன்றுகூட உருண்டையாக வரவில்லை என்றும் சிகோரா பிறகு தெருவெல்லாம் சொல்லிவைத்தாள்.

புதுக் கிழங்குத் திருநாளுக்கு மூவரும் ஊருக்குப் போனார்கள். யாரோ பழைய பேச்சை எடுத்தபோது பெரியப்பா, "அது முடிஞ்சு போச்சு. கிழங்க வெட்டுங்க" என்றார்.

உஜு நல்லபடியாகத் தேறினாள். உமுவாஹியாவில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. அவள் புறப்பட்ட காலையில் பெட்டியை டுபெம்தான் தலையில் சுமந்து, சிகோராவோடு பேருந்து நிலையத்துக்கு வந்தான். ஆறிப்போன கையில் தழும்பு வழவழவென்று மின்னியது. ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்து, நிலக்கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்து, நேரத்துக்குச் சாப்பிடு என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டு இறங்கினான். இறங்க வேண்டிய நேரத்தில் சிகோரா அக்காவின் மடியைவிட்டு எழமாட்டேன் என்றாள். நடத்துநர் கத்தினார், ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். டுபெம் ஒரு கணம் தெருவைப் பார்த்தான், பிறகு தானும் ஏறி எதிர்ப் பலகையில் உட்கார்ந்துகொண்டான்.

"ஊர் எல்லை வரைக்கும்தான்" என்றான் நடத்துநரிடம்.

எல்லை தாண்டியும் மூவரும் கடலை தின்றுகொண்டே போனார்கள்.