மூன்று பதில்கள்

மதியத்துக்குள் அக்கா வந்துவிடுவாள். தங்கை சமையலறை ஸ்டூலில் குழந்தையை உட்காரவைத்துத் தலைவாரியபடியே பாடத்தை இன்னொரு தரம் ஆரம்பித்தாள்.

"சாப்பிட்டியா பட்டு?"

"சாப்ட்டேம்மா. நீ சாப்ட்டியா?"

"ஸ்கூல்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"பாட்டு சொல்லிக் குடுத்தாங்கம்மா."

"அம்மா ஞாபகம் இருக்கா?"

"உன் ஞாபகமாவே இருக்கும்மா. சீக்கிரம் வா."

ஒரு பிசிறு இல்லை. இதில் 'அம்மா'வைத் தவிர வேறு எந்தச் சொல்லுக்கும் குழந்தைக்கு அர்த்தம் தெரியாது.

மழலை மாறாத வயதில் தன் குழந்தையை இந்த அயல்நாட்டில் தங்கையிடம் விட்டுவிட்டு அக்கா இன்னொரு நாட்டுக்கு வேலைக்குப் போனாள். படுத்த படுக்கையான ஒரு பணக்காரக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வீட்டிலேயே தங்க வேண்டும். குழந்தையின் அப்பா இறந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தங்கை ஒரு ஓட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டாள். அவள் கணவன் இந்த ஊர்க்காரன், லிப்ட் மெக்கானிக். அவனுக்குத் தெரிந்த தமிழ் 'சரி', 'போதும்' இரண்டும்தான். கல்யாண வாழ்க்கைக்கு அது தாராளம் என்பான். வீட்டில் புழங்கியது ஊர்மொழி. நீராவியில் வெந்து வீடு திரும்பியவளின் வாயில் எது முதலில் வந்ததோ அதையே குழந்தையிடமும் பேசினாள். குழந்தையிடமிருந்து தமிழ் எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. அது சத்தம் போடாமல் போயிருந்தது.

தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. போனில் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தை ரிசீவரைப் பிடித்தபடி சும்மா நின்றது. "என்னை மறந்துட்டாளாடி?" என்று மறுமுனையில் அழுகை வெடித்தது.

கிழவி தூங்கும் நேரத்தில் திருட்டுத்தனமாகப் பேசுகிறவளுக்குக் கேட்பதற்கு எப்போதும் அந்த மூன்று கேள்விகள்தான். அடுத்த வாரத்துக்கு மூன்று பதில்களைத் தயார் செய்தாள் தங்கை. முதலில் ஓசை வரட்டும், அர்த்தம் பின்னால் வரும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஊர்மொழியில் மெய்யெழுத்து எதுவும் இரட்டிப்பதில்லை. குழந்தை 'அமா' என்றது. உதட்டை மூடி, கொஞ்சம் காத்திருந்து, பிறகு திற என்று வாயைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். 'ஞா' வர அந்த வாரம் முழுக்கப் பிடித்தது. மூக்கைச் சுருக்கிச் சுருக்கிப் பழகிய குழந்தை தும்மிவிட்டது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அர்த்தம் மட்டும் வரவில்லை. அதற்கு யாரும் நேரம் ஒதுக்கவில்லை.

மூன்றாவது பதிலைக் கேட்டதும் அக்காவின் குரல் ஒவ்வொரு வாரமும் கரகரத்துப் போகும். "இதுக்காகத்தான்டி உயிரைக் கையில பிடிச்சிட்டிருக்கேன்." அதன் பிறகு உண்மையைச் சொல்லத் தங்கைக்கு வாய் வரவில்லை. அக்கா இங்கேயே தங்க அனுமதி கிடைத்துவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து தூக்கமும் வரவில்லை.

லிப்ட் கதவு திறக்கும் சத்தம். குழந்தை ஸ்டூலிலிருந்து குதித்துச் சித்தியின் பின்னால் போய் நின்றது.

பெட்டியோடு மெக்கானிக் முதலில் வந்தான். பின்னால் அக்கா. மெலிந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

"என்னடி உன் வீட்டுக்காரர், வழியெல்லாம் நான் வாயைத் திறந்தாலே போதும், போதும்ங்கறார்? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

தங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அக்காவின் கண் குழந்தைமேல் போய்விட்டது.

அக்கா தரையில் உட்கார்ந்து கைகளை நீட்டினாள். தங்கை குழந்தையின் முதுகில் மெல்லத் தள்ளினாள். நல்ல பிள்ளையாக அது போய் மடியில் உட்கார்ந்தது.

"சாப்பிட்டியா என் தங்கம்?"

"சாப்ட்டேம்மா. நீ சாப்ட்டியா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்தாள். முகத்தை எடுக்கவே இல்லை. மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பார்க்கப் போகிறேன் என்று சாக்குச் சொல்லி வெளியே போனான். அக்கா அடுத்த கேள்வி கேட்காமல் இப்படியே இருந்துவிட்டால் தேவலை என்று தங்கைக்கு இருந்தது.

"முட்டியில என்னடி காயம்? எங்கே விழுந்தே?"

குழந்தை சித்தியைப் பார்த்தது.

"விளையாடறப்ப விழுந்துட்டாக்கா," என்றாள் தங்கை அவசரமாக.

"நான் அவளையில்ல கேட்டேன். நீ சொல்லு கண்ணு. வலிக்குதா?"

குழந்தை மறுபடியும் சித்தியைப் பார்த்தது. தங்கையின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன: இல்ல-ம்மா. குழந்தைக்கு அது பிடிபடவில்லை. பாடத்தில் இல்லாதது. அதன் கண்கள் அலைந்தன. எந்த இடத்தில் விட்டோம் என்று தேடுவது போலிருந்தது.

"பாட்டு சொல்லிக் குடுத்தாங்கம்மா."

"பாட்டா?" அக்கா சிரித்தாள். "வலிக்குதான்னு கேட்டா பாட்டுங்கறியே! ஏன்டி அவளையே பாக்கறே? அம்மாவப் பாரு."

தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அந்தப் பிடியில் குழந்தை மிரண்டது. தன்னிடம் இருந்த கடைசிப் பதிலை, எப்போது சொன்னாலும் எல்லோரையும் சந்தோஷப்படுத்துகிற பதிலை, ஒரு எழுத்துப் பிசகாமல் எடுத்து நீட்டியது.

"உன் ஞாபகமாவே இருக்கும்மா. சீக்கிரம் வா."

"வந்துட்டேனேடி."

"சீக்கிரம் வா."

அக்காவின் கை தாடையை விட்டது. குழந்தை நழுவி எழுந்து ஓடிவந்து சித்தியின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது. அக்கா குழந்தையையும் தங்கையின் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா?" என்றாள் அக்கா.

"நீ அன்னைக்கு அழுதியேக்கா. அதுக்கப்புறம்."

"அப்ப எல்லாமே நீ சொல்லிக் குடுத்தது."

தங்கை தலையசைத்தாள்.

"அந்தக் கடைசி வார்த்தை? அது யாரோடது?"

"என்னோடது."

"வாரா வாரம் நீயாடி என்னைக் கூப்பிட்டே?"

குழந்தை சட்டையை இழுத்து ஊர்மொழியில் ஏதோ கிசுகிசுத்தது.

"என்ன கேக்கறா?"

நினைத்தால் இதற்கும் அழகாக ஒன்றைச் செய்து கொடுத்திருக்கலாம். அந்த வேலையில் தங்கையின் கை நன்றாகத் தேறியிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"தப்பாச் சொல்லிட்டேனான்னு கேக்கறா. நீ கோவிச்சுக்கிட்டுப் போயிடுவியான்னு கேக்கறா."

அக்கா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "போக மாட்டேன்னு இவ பாஷையில எப்படிச் சொல்றது?"

"நானே சொல்லிடறேன்க்கா, அவளுக்கு..."

"நீ சொன்னதெல்லாம் கேட்டாச்சு. வார்த்தைய மட்டும் குடு."

தங்கை சொன்னாள். சின்னச் சொல்தான். நடுவில் தொண்டையின் அடியிலிருந்து உரசி வரும் ஓர் ஒலி உண்டு. இந்த ஊருக்கு வந்த புதிதில் தங்கையையே ஒரு வருஷம் அழவைத்த ஒலி. அக்கா முயன்றாள். இருமல்தான் வந்தது. குழந்தை சட்டைக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கியது.

"மறுபடி சொல்லு."

தங்கை சொன்னாள். அக்கா அவளுடைய வாயை மட்டும் உற்றுப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கவில்லை. பிறகு குழந்தையின் பக்கம் திரும்பிச் சொன்னாள். இம்முறை சொல்லின் பாதி வந்தது.

குழந்தைக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அது அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. சட்டை நுனியை விடவில்லை.

அக்கா எச்சிலை விழுங்கிக்கொண்டு இன்னொரு தரம் ஆரம்பித்தாள்.