பெரிய ஸ்பீக்கர்

"இன்னொரு தரம் சொல்லுங்கப்பா" என்றாள் மகள், மீட்டரின் இரண்டு முனைகளையும் அடாப்டர் பக்கத்தில் அழுத்தியபடி.

கட்டிலில் கிடந்தவரின் உதடு அசைந்தது. மேசைமேல் இருந்த ஸ்பீக்கர் "பாப்..." என்றது. உடனே அதோடு இணைத்திருந்த சர்க்யூட் போர்டின் பச்சை விளக்கு அணைந்தது. அது மறுபடி எரிந்து தயாராவதற்குள் அப்பா களைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பா காய்கறி மண்டியில் ஏலம் கூறியவர். ஒரு வாசலில் நின்று குரல் கொடுத்தால் மறு வாசலில் வண்டிக்காரன் நிமிர்ந்து பார்ப்பான். தொண்டையில் கட்டி வந்தபோது, ஆபரேஷன் கூடாதென்று ஒற்றைக்காலில் நின்றார். மகள்தான் அழுது அடம்பிடித்துச் சம்மதிக்க வைத்தாள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. காதை வாயருகே வைத்தாலும் வெறும் மூச்சுதான் கேட்கும். இப்போது கட்டி திரும்பி வந்துவிட்டது. சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் காலையில் சொல்லிப் போயிருந்தார்.

புதுச் சிப்புகளைச் சோதித்துப் பார்க்க வரும் மாதிரி போர்டுகளோடு மல்லுக்கட்டுவதுதான் அவள் உத்தியோகம். அப்படி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுத்துப் பட்டையில் மைக்கைத் தைத்து, அந்த மூச்சைப் பேச்சாக்கியிருந்தாள். முதன்முதலாகக் கேட்டபோது அப்பா சொன்னது: "கொசு பேசற மாதிரி இருக்கு பாப்பா." நேற்றுப் பெரிய ஸ்பீக்கராக வாங்கி மாட்டினாள்.

மாட்டிய கையோடு, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டாள். "ஆபரேஷன் பண்ணிக்கச் சொன்னது தப்பாப்பா?"

அவர் தூங்கிவிட்டாரா, தூங்குவதுபோல் இருந்தாரா, தெரியவில்லை.

காலையில் தண்ணீர் கேட்கும்போது பேச்சு பாதியில் அறுந்தது. சிப் சூடாகிறதோ என்று மேசை ஃபேனைக் கொண்டுவந்து போர்டுக்குப் பின்னால் வைத்தாள். பலனில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா விரலைத் தூக்கித் தூக்கி மேசைப் பக்கம் காட்ட ஆரம்பித்தார். போர்டைத்தான் காட்டுகிறார். நேற்றைய கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறார். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"அடாப்டர மாத்திப் பாத்தியாக்கா?" என்றான் தம்பி.

"பாத்தாச்சு."

"ஊரான் வீட்டு போர்டெல்லாம் உன் கை பட்டா ஓடுது. பெத்த அப்பனோடது மட்டும் டேக்கா குடுக்குதே."

"வாய மூடுறா."

அம்மா கட்டிலின் கால்மாட்டில் இருந்தாள். "காலு ஜில்லுனு இருக்குடி. போர்வைய இழுத்து இழுத்து விடறேன், நிக்கவே மாட்டேங்குது."

"அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னாரேம்மா."

"நீ கொஞ்சம் இங்க வந்து உக்காரேன்."

"ரெண்டே நிமிஷம்மா."

மீட்டர் ஐந்து வோல்ட் காட்டியது. பேசாதபோதும் ஐந்து, பேசும்போதும் ஐந்து. கரண்ட் குறையவில்லை என்றால் விளக்கு ஏன் அணைகிறது? அப்போதுதான் உறைத்தது. இத்தனை நேரமும் அவள் கரண்ட் புறப்படும் இடத்திலேயே அளந்துகொண்டிருந்தாள். போய்ச் சேரும் இடத்தில் அளக்கவே இல்லை. முனைகளைப் போர்டின் பக்கம் மாற்றினாள். ஆனால் அவர் பேசினால்தான் அளக்க முடியும்.

"அப்பா, ஒரே ஒரு தரம். இதான் கடைசி."

"அவர விடுடி" என்றாள் அம்மா.

அப்பா கண்ணைத் திறந்தார். படியாத வியாபாரியைப் பார்ப்பதுபோல் மகளைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"பாப்..."

எண் ஐந்திலிருந்து மூன்றுக்குச் சரிந்தது. அடாப்டருக்கும் போர்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு வயர்தான். கொசுக்குரலுக்குப் போட்ட நூல் வயர். பெரிய ஸ்பீக்கர் இழுக்கும் இழுப்பை அது தாங்கவில்லை.

"இஸ்திரிப் பெட்டிய எடுத்துட்டு வாடா."

"எதுக்கு?"

"எடுத்துட்டு வான்னா வா!"

அவள் அதன் தடித்த வயரை நறுக்கியபோது, "நல்ல பெட்டிடி அது" என்று அம்மா தன்னையறியாமல் சொன்னாள். தம்பி முனைகளைப் பிடித்துக்கொள்ள, ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"இப்ப சொல்லுங்கப்பா."

"பாப்பா."

அறை கொள்ளாத குரல். மண்டியில் கேட்ட அதே குரல்.

"அந்த ஃபேன நிறுத்தும்மா. காலையிலேர்ந்து சொல்றேன். குளுருது."

அவள் ஃபேனை நிறுத்தினாள். அம்மா இழுத்துவிட்ட போர்வை இப்போது நின்றது. மகள் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். கேள்வியை மறுபடி கேட்கவில்லை. ஸ்பீக்கரில் அவருடைய மூச்சு, சாக்கு மூட்டையைத் தரையில் இழுப்பதுபோல் பெரிதாகக் கேட்டது. விட்டு விட்டுக் கேட்டது. பிறகு வெகுநேரம் கேட்கவில்லை.

"மறுபடி நின்னுடுச்சா?" என்று தம்பி போர்டை எட்டிப் பார்த்தான்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மாலைக்குள் அறை நிறைந்துவிட்டது. வந்தவர்கள் முந்தானையாலும் செய்தித்தாளாலும் விசிறிக்கொண்டார்கள். "என்ன புழுக்கம்! ஃபேன் இருக்கே, போடலாமே" என்று யாரோ மேசைப் பக்கம் கையை நீட்டினார்.

அவள் எழுந்து, ஃபேனைத் தூக்கிப்போய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள். கால்மாட்டில் குனிந்து போர்வையின் ஓரத்தை அப்பாவின் பாதத்துக்கு அடியில் செருகினாள்.