தண்ணீர் இல்லாத மீன்தொட்டி

மீன்தொட்டியின் அடியில் உயிருள்ள புல்விரிப்பு வளர்க்க முயன்று முனீஸ்வரி இருமுறை தோற்றிருந்தாள். நட்ட சிறு செடிகள் மறுநாளே வேரோடு மேலே மிதந்தன. மூன்றாம் முறையும் மிதந்தால் பிளாஸ்டிக் புல்லைத்தான் விரிக்க வேண்டும் என்று கணவன் ஈஸ்வரபாண்டி தீர்ப்பே கூறிவிட்டான்.

இம்முறை அவள் மீன்களைக் கொல்லையிலிருந்த சிமெண்ட் தொட்டிக்கு மாற்றினாள். பிறகு மீன்தொட்டியின் மண்ணை நனைத்து, செடிகளை நெருக்கமாக நட்டு, மேலே கண்ணாடியால் மூடினாள். தண்ணீர் நிரப்பவே இல்லை.

"ஏ புள்ள, மீனு நீந்துறதுக்கா இது, நடக்குறதுக்கா?" என்று சிரித்தான் ஈஸ்வரபாண்டி.

"சின்னமனூருல வயல் வச்சிருக்கிற ஆளு பேசுற பேச்சா இது? நாத்தங்கால்ல விதச்ச அன்னைக்கே இடுப்பளவு தண்ணி கட்டுவீகளா?"

வேர் பிடிக்காத செடிக்குத் தண்ணீரும் வெள்ளந்தான் என்பதை உழவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து வாரத்தில் மண் தெரியாமல் பச்சை படர்ந்தது. அவள் மூடியை எடுத்துவிட்டு, மண் கலையாதிருக்க ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெல்லத் தண்ணீர் ஊற்றினாள். தொட்டி நிறைந்தபோது மூலையில் ஒரு செடி மேலே வந்தது.

"பாத்தியா, மிதக்குது!"

"ஒன்னுதான மிதக்குது? மத்தத இழுத்துப் பாருங்க."

அவன் தண்ணீருக்குள் கையை விட்டு இழுத்தான். புல் அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தான்.

"போதும், கைய எடுங்க," என்றாள் முனீஸ்வரி. "மீனு காத்துக் கெடக்கு."