மெழுகு நாற்றம்

காலை ஆறரைக்கே எர்சிலியாவின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. பனிமூட்டம் குன்றை விட்டு இறங்க மனமில்லாமல் கொடிகளுக்கிடையே கிடந்தது. இடது கையால் குலையைத் தாங்கி, வலது கையால் காம்பை நறுக்கி, அழுகல் கண்ட மணிகளைக் கிள்ளிவிட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். போடக் கூடாது, வைக்க வேண்டும். இருபது கிலோ நிறைந்ததும் பெட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, வழுக்கும் சரிவில் டிராக்டர் நிற்கும் இடம்வரை ஏற வேண்டும். இந்தத் தோட்டத்துக்கு இயந்திரம் ஆகாது, பூச்சிமருந்தும் ஆகாது. ‘கையால் பறித்தது, நஞ்சு படாதது’ என்று ஒயின் புட்டியின் மேல் ஒட்டும் தாளிலேயே முதலாளி குவால்தியேரோ அச்சடித்திருக்கிறார். பறித்த கை யாருடையது என்று அந்தத் தாளில் இல்லை.

நஞ்சு படாத அந்தத் தோட்டத்தில்தான் பன்னிரண்டு நாளைக்கு முன் அவள் கணவன் துல்லியோ நச்சுக்காற்றில் விழுந்தான்.

ஒயினை வடித்தெடுத்த பிறகு தொட்டியின் அடியில் திராட்சைத் தோலும் விதையும் இடுப்பளவு சக்கையாகக் கிடக்கும். ஆள் உள்ளே இறங்கி வாரித் தள்ள வேண்டும். சாறு புளித்துப் பொங்கியபோது வெளிவிட்ட நச்சுக்காற்றும் அங்கேயே தங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஒயின் வாசத்தில் மூக்குக்கும் பிடிபடாது. நாலு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அதனால் அந்தக் குன்றுகளில் யார் இறங்குவதானாலும் முதலில் எரிகிற மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். சுடர் அணைந்தால் யாரும் இறங்கமாட்டார்கள்.

போன வசந்தத்தில் வெளிநாட்டு வியாபாரி ஒருவர் வந்து, நிலவறையில் நின்று கண்ணாடிக் கிண்ணத்தை மோந்து, இத்தனை சுத்தமான ஒயின் இருக்கும் இடத்தில் என்ன மெழுகு நாற்றம் என்று முகம் சுளித்தார். மறுநாளே மெழுகுவர்த்திப் பெட்டி குப்பைக்குப் போயிற்று. காற்றை அளக்கும் கருவி வாங்கித் தருவதாக முதலாளி சொன்னார். அறுவடை வந்தது, கருவி வரவில்லை. துல்லியோ தன் மூக்கை நம்பி இறங்கினான். இப்போது மாவட்ட மருத்துவமனையில் குழாய்களோடு கிடக்கிறான், இன்னும் கண் திறக்கவில்லை.

முதலாளி கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். பெரிய கம்பெனிகள் விலை பேசியும் தோட்டத்தை விற்காதவர். ஒரு தேனீ செத்துக் கிடந்தால் வருத்தப்படுகிறவர். நேற்று மாலை எர்சிலியாவின் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு தாளை மேசை மேல் நகர்த்தினார். மெழுகுவர்த்தி வைத்துப் பார்க்கச் சொல்லியும் கேளாமல் துல்லியோ தானாகவே இறங்கினான் என்று அதில் எழுதியிருந்தது. சாட்சியாக நிலவறைக்காரர் செகொந்தோ ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். துல்லியோவை வெளியே இழுத்துப் போட்டவரும் அவர்தான்.

கீழே அவளும் கையெழுத்துப் போட்டால் இந்த வீட்டில் இருக்கலாம். போடாவிட்டால் வீடு முதலாளியுடையது, சான் மார்த்தினோ வருகிறது. நவம்பர் பதினொன்றாம் தேதி வரும் அந்தப் புனிதரின் நாளில் முதலாளிமார் புது ஒயினைச் சுவைப்பார்கள். வேலை போன குடும்பங்கள் கட்டிலையும் அடுப்பையும் வண்டியில் ஏற்றும். அந்தப் பக்கத்தில் வீடு காலி செய்வதற்கே புனிதரின் பெயர்தான். கண் திறக்காத மனிதனை எந்த வீட்டுக்குக் கூட்டிப்போவது? இரவெல்லாம் யோசித்து, கையெழுத்துப் போட்டுவிடுவதென்று எர்சிலியா முடிவு செய்திருந்தாள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. தாள் மடித்து மேலங்கிப் பைக்குள் இருந்தது. தோட்டத்து மூலையில் மாதா சிலைக்குக் காலையில் ஏற்றி அணைத்த பாதி மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் அதோடு கிடந்தன.

பத்து மணிக்கு முதலாளி கொடிகளுக்குள் வேகமாக நடந்து வந்தார். சாயங்காலத்துக்குள் மழை வந்துவிடும், மருந்து அடிக்காத குலை நனைந்தால் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும், பறித்ததைக் கொட்ட உடனே இரண்டாவது தொட்டி காலியாக வேண்டும் என்றார். எர்சிலியாவோடு பறித்த ஏழு பேரும் மாசிடோனியா நாட்டிலிருந்து வந்தவர்கள், அவர்களில் மூத்தவன் பிளாகோயா. முதலாளி அவனைப் பார்த்துக் கைகாட்டினார். பிளாகோயா கத்திரிக்கோலைப் பெட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, அவர் பின்னால் நடந்தான்.

எர்சிலியா அந்த முதுகைப் பார்த்தாள். அன்றைக்குத் துல்லியோவும் இப்படித்தான் போனான். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு அவர்களும் இறங்கினார்கள்.

நிலவறையில் பிளாகோயா கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஏணியில் ஒரு காலை வைத்திருந்தான். செகொந்தோ மண்வெட்டியோடு பக்கத்தில் நின்றார். எர்சிலியா கொக்கியில் தொங்கிய கயிற்றை எடுத்து, பாதி மெழுகுவர்த்தியை அதில் கட்டினாள். மரத்த விரல்களுக்குப் பிடிபடாமல் முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது.

“எர்சிலியா, இங்க அதெல்லாம் கொளுத்தக் கூடாது. தெரியும்ல?” என்றார் முதலாளி.

அவள் கொளுத்தினாள். தரைமட்டத்தில் திறந்திருந்த தொட்டியின் வாய்வழியாகக் கயிற்றை விட்டாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு முழம் போயிற்று, சுடர் நின்றது. இரண்டு முழம் போயிற்று, சுடர் மங்கியது. சக்கைக்கு ஒரு கை உயரத்தில், யாரோ வாயால் ஊதியது போல அணைந்தது.

பிளாகோயா கைக்குட்டையை அவிழ்த்தான்.

“நேத்துலருந்து நெலவறக் கதவு தெறந்துதான் கெடக்கு,” என்றார் முதலாளி. “கொஞ்ச நேரம் போனா சரியாயிடும்.”

“அன்னிக்கும் இதத்தான் சொன்னீங்க,” என்றார் செகொந்தோ. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். “மெழுகுவத்திய வச்சுப் பாருன்னு நீங்க சொல்லவே இல்ல முதலாளி. பெட்டியக் குப்பையில போட்டவன் நான். உங்க பேச்சக் கேட்டுப் போட்டேன். அப்புறம் பொய்யாக் கையெழுத்தும் போட்டேன். எனக்கும் வீடு உங்களுதுதானே.”

முதலாளியின் முகம் வெளுத்தது. மழையில் குலைகள் போனால் இந்த வருஷம் தோட்டமே போய்விடும், வங்கி வந்து உட்காரும், அதன் பிறகு இங்கே பெரிய கம்பெனிக்காரன் வருவான், அவன் உங்கள் பெயரைக்கூடக் கேட்கமாட்டான் என்றார். அதில் பொய் இல்லை என்று எர்சிலியாவுக்கும் தெரியும்.

“கொடிக்கு வெசம் வேணாம்னு முப்பது வருஷமாப் பாடுபட்டீங்க,” என்றாள். “எங்களுக்கும் வேணாம் முதலாளி. காத்து ஊதற விசிறியும் அளக்கற கருவியும் வரட்டும். நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் யாரும் எறங்கமாட்டோம், ஒரு குலையும் பறிக்கமாட்டோம்.”

“அப்ப சான் மார்த்தினோவுக்கு எல்லாரும் வண்டி கட்ட வேண்டியதுதான்.”

“பெரிய வண்டியாச் சொல்லிடுங்க,” என்றான் பிளாகோயா. “ஒண்ணாத்தான் ஏறுவோம்.”

யாரோ சிரித்தார்கள், உடனே அடங்கிப்போயிற்று. சிரிக்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை. பிளாகோயாவின் வீட்டில் இந்த அறுவடைப் பணத்தை நம்பி ஆறு வயிறு இருக்கிறது. செகொந்தோவுக்கு அறுபத்தொரு வயது, வேறு எந்தத் தோட்டமும் எடுக்காது. இருந்தும் பிளாகோயாவின் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கத்திரிக்கோல்களை ஒரு காலிப் பெட்டிக்குள் வைத்தார்கள். போடவில்லை, வைத்தார்கள்.

எர்சிலியா பைக்குள்ளிருந்த தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, பீப்பாயின் மேல் வைத்து நடந்ததை எழுதினாள். மெழுகுவர்த்திப் பெட்டி, வராத கருவி, இன்றைக்கு அணைந்த சுடர். முதலில் செகொந்தோ கையெழுத்திட்டார். அடுத்துப் பிளாகோயா தன் நாட்டு எழுத்தில் போட்டான். முதலாளி வெளியே போய், முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தார்.

பதினொன்றரைக்கே மழை பிடித்துக்கொண்டது. குன்று முழுக்கக் குலைகள் நனைந்தன. நிலவறை வாசலுக்குள் உட்கார்ந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்ப் பறிக்கலாமா என்று எல்லாக் கைகளும் துடித்தன. யாரும் எழவில்லை. மருத்துவமனையிலிருந்து இன்றும் செய்தி இல்லை. எர்சிலியாவுக்கு அழுகை வந்தது, அழுதாள். செகொந்தோ தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

பிறகு கயிற்றை இழுத்து, அணைந்த மெழுகுவர்த்தியை அவிழ்த்து, வாசற்படியில் நிறுத்தி மறுபடி ஏற்றினாள். ஈரக்காற்று அணைக்கப் பார்த்தது. ஒன்பது பேரும் சுற்றி நெருங்கி உட்கார்ந்து மறைத்துக்கொண்டார்கள். மெழுகு நாற்றம் மெல்ல மெல்ல நிலவறைக்குள் போய்க்கொண்டிருந்தது.