டோரா எந்த ரகம்

அச்சுக்குப் போகுமுன் வீட்டாருக்குக் காட்ட அனுப்பிய பிரதியோடு வில்ஃப் ஹெப்டன் வார இதழ் அலுவலகத்துக்கு வந்தார். அது அவருடைய மனைவி டோராவின் இரங்கல் செய்தி.

“‘கான்ட்ரவர்ஷியல்’னு போட்டது யாரு?”

“நான்தான்,” என்றாள் இளம் நிருபர் ஹேசல். காது சுட்டது. அவள் எழுதிய முதல் இரங்கல் செய்தி அது. “தப்பா, மிஸ்டர் ஹெப்டன்?”

“என்னம்மா அர்த்தம் அதுக்கு?”

“ஊரே ரெண்டுபட்டு அவங்களை வெச்சு சண்டை போட்டுச்சுன்னு. சந்தைத் தெருவுல கார் வரக்கூடாதுன்னு நகரமன்றத்துல தீர்மானம் கொண்டுவந்தாங்களே, அப்ப.”

“ஊரு சண்டை போட்டப்ப என் டோரா வாயைப் பொத்திக்கிட்டு இருந்தாளாக்கும்! அவ ‘கன்டென்ஷியஸ்’. அதைப் போடு.”

ஆசிரியர் கிளெட்ஹில் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “வேணாம் வில்ஃப். சண்டைக்காரின்னு ஆயிடும். செத்தவங்களை அப்படி எழுதினா ஊரு என்னைக் கிழிச்சிடும்.”

“சண்டைக்காரிதான்யா! உன்கிட்டயே போட்டிருக்காளே.”

“வாராவாரம்,” என்று ஒப்புக்கொண்டார் கிளெட்ஹில். “அதுக்காக அச்சுல போட முடியுமா?” கதவு மூடிக்கொண்டது.

வில்ஃப் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

“இப்பல்லாம் நான் டீ எப்படிப் போட்டாலும் கேக்க ஆளில்ல. நேத்து வேணும்னே பாலை முதல்ல ஊத்திப் பாத்தேன். வீட்டுல சத்தமே இல்ல.”



“பாலை முதல்ல ஊத்தக் கூடாது,” என்றாள் ஹேசல்.

அவர் நிமிர்ந்தார். “ஏன் கூடாது?”

“எவ்வளவு ஊத்தணும்னு நிறத்தைப் பாத்துத்தானே தெரியும்?”

“அம்பது வருஷமா ஊத்துறவனுக்கு அளவு தெரியாதா? நல்லாருக்கே கதை!”

அவள் விடவில்லை. அவரும் விடவில்லை. கிளம்பும்போது அவர் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது.

“வம்பு புடிச்ச பொண்ணு,” என்றார், சந்தோஷமாக.

ஹேசல் சொல்லை மாற்றித் தட்டச்சு செய்து உள்ளே கொண்டுபோனாள். கிளெட்ஹில் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“அடிக்காதீங்க,” என்றாள். “தெரு விஷயத்துல ஊரு அடிச்சுக்கிட்டது ஒரு வருஷம். மத்த வருஷமெல்லாம் அவங்களே போட்ட சண்டை. அதை எடுத்துட்டா, வேற யாரோ செத்த மாதிரி இருக்கும்.”

“நாளைக்கு ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்குமே, யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

அவர் பேனாவை மூடினார். பிறகு தொலைபேசியை அவள் பக்கமாகத் தள்ளிவைத்தார்.