நாற்பத்தேழு, பன்னிரண்டு

கூடத்தில் மாமனார் பெட்டிக்குள் படுத்திருக்க, அலாரக்காரர் வாசல் சுவரிலிருந்து கதவு அலாரத்தின் கீபேடைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றான் மகன். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் செத்தவரை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கதவைத் திறந்தா கத்தணும்னுதானே இதை மாட்டினேன்? மறதிக்காரர் தனியா வெளிய போயிருக்கார், ஏன் கத்தல?” என்றான் மகன், மூன்றாவது முறையாக. “உங்க மிஷின் கத்தியிருந்தா எங்கப்பா இன்னைக்கு உயிரோட இருப்பார்.”

அலாரக்காரருக்குக் காது சிவந்துவிட்டது. “மிஷின் நல்லாத்தான் சார் இருக்கு. நேத்து காலைல அஞ்சு அம்பத்திரெண்டுக்கு நம்பர் போட்டுத்தான் திறந்திருக்காங்க. மூணாவது ஆளோட நம்பர்.”

“அது என் பொண்டாட்டி நம்பர். அவ அப்ப என் பக்கத்துல தூங்கிட்டிருந்தா. பாத்தீங்களா, உங்க பதிவும் பொய்.”

மருமகள் தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். பேசாமல் இருந்தால் போதும், தப்பித்துக்கொள்ளலாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எல்லாம் அலாரக்காரர் தலையில் விடிந்துவிடும்.

மாமனார் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். கடைசியில் பெற்ற மகனையே ‘கண்டக்டர்’ என்றுதான் கூப்பிட்டார். ஆனாலும் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவார். கைப்பிடியைத் தொட்டதும் சைரன் அலறும். காதைப் பொத்திக்கொண்டு கதவடியிலேயே குந்திவிடுவார். ஒரு நாள் வேட்டியை நனைத்துவிட்டார். அதைத் துடைத்தவள் அவள்தான். அன்றைக்கே தன் நம்பரை மாற்றினாள். நாற்பத்தேழு, பன்னிரண்டு. அவர் ஓட்டிய இரண்டு பஸ்களின் தட எண்கள். அது மட்டும் அவருக்கு மறக்கவேயில்லை.

தெருமுனை நிறுத்தத்தில் உட்கார்ந்து முதல் பஸ்ஸை அனுப்பிவிட்டு, தேநீர் நேரத்துக்குத் திரும்பிவிடுவார். முதல் பத்து நாள் அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். அப்புறம் போகவில்லை. நேற்று பஸ் கிளம்பிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

தட்டைக் கீழே வைத்தாள்.

“இவர்மேல தப்பில்ல. என் நம்பரை மாமாவுக்கு நான்தான் குடுத்தேன்.”

மகன் கையிலிருந்த டார்ச் தாழ்ந்தது. “பைத்தியமா உனக்கு? அவர் செத்துட்டார்.”

“தெரியும். பஸ் ஸ்டாப்புல செத்தார். இந்தக் கதவுக்குப் பின்னால காதைப் பொத்திக்கிட்டுச் சாகல.”

பெட்டிக்கருகில் இருந்த நாத்தனார் நிமிர்ந்தாள். “யாரைக் கேட்டுக் குடுத்தே?”

“அவரைக் கேட்டுத்தான், அண்ணி.”

அலாரக்காரர் கீபேடைத் திரும்ப மாட்டி, ஒவ்வொரு திருகாக நிதானமாக முடுக்கினார். போகும்போது அவளுக்கு மட்டும் ஒரு தலையசைப்பு.

பெட்டியைத் தூக்கினார்கள். முன்பக்கம் மகன். வாசல் தாண்டும்போது திரும்பாமலே சொன்னான். “கடைசியா வர்றது நீதான். பூட்டி, அலாரம் போட்டுட்டு வா. வீட்டுல யாருமில்லன்னு தெருவுக்கே தெரியும்.” இத்தனைக்குப் பிறகும் அவனுக்கு வீட்டுக் கவலை.

கீபேடில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விரலை எண்கள் வரை கொண்டுபோனவள் எடுத்துவிட்டாள். மேசைமேல், நேற்று நிறுத்தத்திலிருந்து பஸ் டிரைவர் கொண்டுவந்து கொடுத்த மாமனாரின் பை இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வண்டியருகில் இருந்து மகன் கேட்டான். “போட்டியா?”

“இல்ல,” என்றாள், நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. “கதவையும் சாத்தல.”

அவன் வீட்டுப் பக்கம் ஓரடி எடுக்கப் பார்த்தான். கையில் அப்பாவின் கனம் இருந்தது. வண்டியை நோக்கித் திரும்பினான்.

அவள் குனிந்து, பையிலிருந்த மாமனாரின் செருப்புகளை எடுத்து, தெருவைப் பார்த்தாற்போல் படியில் வைத்தாள்.